பதினொரு மணி ரிப்பன்

நான் மாடியறையில் வாடகைக்கு இருந்த அந்த வீட்டில் மூன்று கடிகாரங்கள் இருந்தன. ஒன்றுகூடச் சரியான நேரம் காட்டாது. முன்னறைக் கடிகாரம் இருபது நிமிடம் முந்தி ஓடும். சமையலறையில் இருப்பது பத்து நிமிடம். வாசலில் நிற்கும் அவர்கள் வேனுக்குள் ஒட்டியிருந்த சின்னக் கடிகாரம் அரைமணி. குடிவந்த புதிதில் முன்னறைக் கடிகாரத்தை நம்பி இரண்டு நாள் வேலைக்கு ஓடினேன். நான் வேலை பார்த்த ஜெராக்ஸ் கடையின் ஷட்டரே திறந்திருக்கவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்கார அக்காவிடம் சொன்னேன்.

"அக்கா, உங்க கடிகாரம் தப்பா ஓடுது."

"தப்பா ஓடல. நாங்கதான் தள்ளி வெச்சிருக்கோம். எங்க தொழில் அப்படி."

தொழில் என்னவென்று பிறகுதான் புரிந்தது. யாராவது கடை திறந்தால், பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா வைத்தால், நாலு பேருக்குத் தெரிந்த முகம் ஒன்று வேண்டும் என்பார்கள். சீரியல் நடிகர், பாடகி, பழைய பந்தாட்டக்காரர் என்று யாரையாவது பேசி முடித்து, கூட்டிவந்து, மேடையேற்றி, நல்லபடியாகத் திருப்பி அனுப்புவதுதான் அக்காவும், நான் அண்ணன் என்று கூப்பிடும் அவர் கணவரும் செய்த வேலை. பேசுவது, எழுதுவது, விருந்தாளி எந்தப் பக்கம் உட்கார்ந்தால் முகத்தில் வெயில் விழாது என்று முந்தின நாளே போய் உட்கார்ந்து பார்ப்பது எல்லாம் அக்கா. வேனில் போய்க் கூட்டிவருவதும், விருந்தாளி தாமதித்தால் விழா நடத்துகிறவரைச் சமாளிப்பதும் அண்ணன். மைக் பிடித்து ஒரு மணி நேரம்கூட, "வந்துட்டே இருக்கார், பக்கத்துல வந்துட்டார், வந்துட்டே இருக்கார்" என்று சொல்லிக்கொண்டு நிற்பார். அதனால் தெருவில் அவருக்குப் பெயரே 'வந்துட்டிருக்கார்'. டீக்கடையில் அவர் தலை தெரிந்தால், "வந்துட்டிருக்கார் வந்துட்டார், ஒரு டீ போடு" என்பார்கள்.

நான் அப்போது அலுவலக நிர்வாகம் என்று ஒரு மாலை வகுப்பில் சேர்ந்திருந்தேன். தினமும் ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருந்தார் ஆசிரியை. என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, யார் என்ன சொன்னார்கள் என்று மட்டும் எழுத வேண்டும். சொந்த அபிப்பிராயம் வேண்டாம். நேரம் எழுதுவது எனக்குச் சுலபமாக வந்தது. அபிப்பிராயத்தை வெளியே நிறுத்தி வைப்பதுதான் கடைசிவரை வரவில்லை. அந்த நோட்டை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நான் இல்லாத இடத்தில் நடந்ததை யார் சொல்லிக் கேட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அந்தத் தொழிலில் 'தள்ளு' என்று ஒரு வார்த்தை உண்டு. விருந்தாளிகள் தாமதமாகத்தான் வருவார்கள். ஆகவே விழா பதினொரு மணிக்கு என்றால் விருந்தாளியிடம் ஒன்பதரை என்று சொல்ல வேண்டும். இது முன்தள்ளு. விழா நடத்துகிறவர் பதினொரு மணிக்கே வந்து நின்று, "எங்கய்யா ஆள்?" என்று சட்டையைப் பிடிப்பார். ஆகவே அவரிடம் பன்னிரண்டு என்று சொல்ல வேண்டும். இது பின்தள்ளு. விருந்தாளிக்கென்று தனியாக ஒரு அழைப்பிதழ் எங்கள் கடையில்தான் அச்சாகும். அதில் தேதி இருக்கும், இடம் இருக்கும், 'காலை' என்று இருக்கும். மணி இருக்காது.

"இது பொய்யில்லையாக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"தலையணைக்குப் பஞ்சு வெக்கிறது பொய்யா?" என்றார் அக்கா. "எல்லாரும் விழுவாங்கன்னு தெரியும். விழுந்தா வலிக்காம இருக்கத்தான் பஞ்சு."

அந்த வெயில் காலத்தில் அவர்கள் வீட்டில் இரண்டு விஷயங்கள் ஒரே வாரத்தில் வந்தன. ஒன்று ஒரு கடிதம். வேறொரு பெரிய நகரத்தில் இதே தொழிலைப் பெரிதாக நடத்தும் ஒரு நிறுவனம் அக்காவை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. அக்காவை மட்டும். அண்ணனைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. மற்றொன்று நாற்காலி, சோபா விற்கும் கடை முதலாளி ஒருவர். எட்டுக் கிளைகள் திறக்கப் போகிறார், முதல் கிளை எங்கள் ஊரில்.

"நடிகர் வந்தா கூட்டம் வரும், சோபா வாங்காது," என்றாராம் அவர்; அக்கா சொன்னது. "எட்டு மணி செய்தி படிப்பாங்களே ஒரு அம்மா, அவங்களக் கூட்டிட்டு வாங்க. அவங்க சொன்னா மழை வரும்னு எங்கப்பா குடையெடுத்து வெப்பார். அந்த நம்பிக்கைதான் எனக்கு வேணும். இத ஒழுங்கா முடிச்சுக் குடுங்க, மத்த ஏழும் உங்களுக்குத்தான்."

செய்தி அம்மாவைத் தெரியாதவர்கள் எங்கள் பக்கம் இல்லை. இருபத்தாறு வருடம் படித்து, ஓய்வுபெற்று வீட்டில் இருந்தார். எங்கள் வீட்டிலேயே, அவர் முகம் திரையில் தெரிந்தால்தான் அடுப்பில் சோறு ஏறும்.

அன்று அக்கா அண்ணனிடம் சொன்னது நான் மாடிப்படியில் துணியோடு நிற்கும்போது காதில் விழுந்தது.

"ஏழு கிளையும் கெடச்சா நான் எங்கயும் போகல. கடிதத்தக் கிழிச்சுப் போட்டுடறேன். கெடைக்கலேன்னா போறேங்க. என்னால முடியல."

"என்ன முடியல?"

"நான் ஒண்ணு ஏற்பாடு பண்றேன். நீங்க அதுக்கு மேல ஒண்ணு ஏற்பாடு பண்றீங்க. எங்கிட்ட சொல்றதில்ல. ஒவ்வொரு தடவையும் மேடையில நின்னுதான் எனக்கே தெரியுது."

"நல்லதுக்குத்தானே பண்றேன்."

"அதத்தான் சொல்றேன். கெட்டதுக்குப் பண்ணீங்கன்னா நாலு வார்த்த திட்டிட்டுப் போயிடுவேன்."

அண்ணன் வேன் சாவியைச் சுண்டுவிரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே வெளியே போனார். இரவுச் சோற்றுக்கு வந்தபோது இருவரும் விழாவைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி. செய்தி அம்மாவின் போனை எடுப்பது அவர் மகள். திங்கட்கிழமையே அக்கா அந்த மகளிடம் ஒன்பதரை என்று சொல்லிவிட்டார். வேன் வேண்டாம், அம்மா தானே கடைக்கு வந்துவிடுவார் என்று மகள் சொன்னதாக அக்கா சொன்னார். வழக்கமான ஒன்றரை மணி நேரத் தள்ளு.

வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் நான் எழுதியிருப்பது இது: 'மாலை 6.40. அக்கா ரிப்பன் சோதிக்கிறார். அண்ணன் துணிக்கொடி பக்கம் நின்று போனில் எட்டரை என்கிறார்.'

ரிப்பன் சோதிப்பது ஒரு பெரிய வேலை. சிவப்பு ரிப்பனை முழ நீளத்துக்கு வெட்டி நாற்காலிகளுக்கு நடுவே கட்டி, ஒவ்வொரு கத்தரிக்கோலாகப் போட்டுப் பார்ப்பார் அக்கா. முன்பு ஒரு விழாவில் ஒரு பாடகி ஏழு தடவை நறுக்கியும் ரிப்பன் அறுபடாமல் கத்தரிக்கோல் மென்றுகொண்டே இருந்ததாம். கூட்டம் எண்ணத் தொடங்கிவிட்டதாம். அன்றிலிருந்து பெட்டியில் மூன்று கத்தரிக்கோல் போகும். அந்த வெள்ளிக்கிழமை நான் ரிப்பனின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக அண்ணன் குரல் கேட்டது. எட்டரை. அக்கா சொன்னது ஒன்பதரை என்பது எனக்குத் தெரியும். வேறு ஏதோ விழாவாக இருக்கும் என்று நினைத்தேன். நினைத்தேனா, அல்லது கேட்டால் சண்டை வருமே என்று பேசாமல் இருந்தேனா? இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. நோட்டில் எழுதிவிட்டு மூடிவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. விழாப் பார்க்க நீயும் வா என்று அக்கா கூப்பிட்டிருந்தார். காலையிலேயே காற்று அடுப்புவாய்க் காற்று மாதிரி இருந்தது. அக்கா முட்டை அவித்துக்கொண்டிருந்தார். வேலை நாளில் மூன்று மணிவரை சோறு கிடையாது என்பதால் ஆளுக்கு இரண்டு முட்டையும் ரொட்டியும் கட்டாயம். அண்ணன் சூடு ஆறுமுன் உரித்து, விரலை ஊதி ஊதிச் சாப்பிடுவார். 8.40க்குப் போன் அடித்தது. செய்தி அம்மாவின் மகள்.

அக்கா போனைக் காதில் வைத்துக்கொண்டே அடுப்பை அணைத்தார். "ஏழே முக்காலா?" என்றார். "ஏழே முக்கால்லேர்ந்தா? கடை வாசல்லயா?" பிறகு, "இதோ வந்துட்டோம்மா," என்றார்.

வேன் தெரு முனை திரும்பியது.

"நான் ஒன்பதரைன்னுதான் சொன்னேன்," என்றார் அக்கா. "அவங்க ஏன் ஏழே முக்காலுக்கு வரணும்?"

அண்ணன் ஹாரன் அடித்தார். முன்னால் யாரும் இல்லை.

"ஏங்க, உங்களத்தான். நீங்க அவங்ககிட்ட பேசினீங்களா?"

"உறுதிப்படுத்திக்க ஒரு போன் பண்ணேன். பண்ண வேணாமா?"

"என்ன நேரம் சொன்னீங்க?"

"ரோட்டப் பாத்து ஓட்ட விடு."

"என்ன நேரம்?"

"எட்டரை."

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். நான் பின்சீட்டில் ரிப்பன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

"போன மாசம் அந்த சீரியல் ஹீரோ ரெண்டு மணி நேரம் லேட்டு," என்றார் அண்ணன். "உன் ஒன்றரை மணி பத்துச்சா? அன்னிக்கு மைக்கப் புடிச்சுக்கிட்டு அத்தன பேர்கிட்டயும் வாங்கிக் கட்டிக்கிட்டது யாரு? நீயா?"

"அவன் சீரியல்காரன். இவங்க செய்தி படிக்கிறவங்க! நாடே இவங்களப் பாத்துக் கடிகாரத்தத் திருப்பி வெச்சுது!"

"பிரபலம்னா எல்லாரும் ஒரே மாதிரிதான்."

"சரி, எட்டரை சொன்னீங்க. ஏழே முக்கால் எங்கேர்ந்து வந்துச்சு?"

"அது எனக்கும் தெரியல," என்றார் அண்ணன். அதில் பொய் இல்லை.

9.10க்குக் கடைக்குப் போனோம். பூட்டிய கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பாலிதீன் உறை பிரிக்காத சோபாக்கள் வரிசை வரிசையாக இருந்தன. வாசலில் காவல்காரர் மட்டும் நின்றார்.

"போயிட்டாங்க," என்றார்.

"எப்ப?"

"ஒன்பதுக்கு. போகும்போது, 'மணி ஒன்பது'ன்னு சொல்லிட்டுத்தான் போனாங்க. எனக்குச் சொன்னாங்களா, தனக்கே சொல்லிக்கிட்டாங்களான்னு தெரியல."

"நீங்க உள்ள உக்கார வெச்சிருக்கலாமே அண்ணே?" என்றார் அக்கா.

"சாவி மேனேஜர்கிட்டம்மா. உள்ள நானூறு நாற்காலி கெடக்கு, எனக்கே உக்கார ஒண்ணு கெடையாது. என் ஸ்டூலத்தான் குடுத்தேன். அதுல மூணு காலுதான் நேரா இருக்கும், சுவத்துல சாய்ச்சு வெச்சாத்தான் நிக்கும். பாவம், அந்தம்மா சுவத்தோட சுவரா ஒட்டி உக்காந்திருந்தாங்க. எட்டரைக்கு நிழலும் போயிடுச்சு."

"அவங்க யாருன்னு தெரியலையா உங்களுக்கு?"

"குரல் எங்கயோ கேட்ட குரலா இருந்துச்சு. என் தங்கச்சி மாமியாரோன்னு பயந்துட்டேன்."

அண்ணன் சிரித்துவிட்டார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் சிரிப்பு பாதியில் நின்றது.

செய்தி அம்மாவின் வீடு நகரத்தின் மறுபக்கம். போய்ச் சேரும்போது 9.50. கதவைத் திறந்த மகளுக்கு நாற்பது வயதிருக்கும். எங்களைப் பார்த்ததும் கோபத்தோடு ஏதோ சொல்ல வாயெடுத்தார். உள்ளேயிருந்து, "வரச் சொல்லு," என்று குரல் வந்தது. அந்தக் குரலைக் கேட்டதும் நான் என்னையறியாமல் நிமிர்ந்து நின்றேன்.

அவர் ஒரு நாற்காலியில், வெந்நீர் நிரப்பிய வாளியில் இரண்டு கால்களையும் வைத்து உட்கார்ந்திருந்தார். விழாவுக்கு உடுத்திய உடுப்பை மாற்றவில்லை. திரையில் பார்த்ததைவிட மிகவும் சின்ன உருவம். முகப்பவுடரில் வியர்வை கோடு போட்டிருந்தது.

"உக்காருங்க," என்றார். "யாரு என்ன நேரம் சொன்னீங்கன்னு வரிசையாச் சொல்லுங்க. எனக்குப் புரியணும்."

"நான் ஒன்பதரை சொன்னேம்மா," என்றார் அக்கா.

"நான் எட்டரை," என்றார் அண்ணன், தரையைப் பார்த்து.

செய்தி அம்மா மகளைத் திரும்பிப் பார்த்தார். மகள் துண்டை மடிக்கத் தொடங்கினார்.

"நீ எங்கிட்ட என்ன சொன்ன?"

"எட்டு," என்றார் மகள். "உனக்கு முட்டி வலி, கெளம்ப நேரமாகுதும்மா. அதான் ஒரு அரைமணி நேரம்..."

"நான் ஏழே முக்காலுக்குப் போனேன்," என்றார் செய்தி அம்மா. "அது நானாத் தள்ளினதில்ல. ஸ்டுடியோவுல சிவப்பு விளக்கு எரியறதுக்குக் கால் மணி நேரம் முன்னாடி நாற்காலியில இருக்கணும். அது என் பழக்கம். இப்பச் சொல்லுங்க. விழா நெஜமாவே எத்தன மணிக்கு?"

"பத்தரைக்கும்மா," என்றார் அண்ணன்.

அவர் வேண்டுமென்று சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். யார் நேரம் கேட்டாலும் அவர் வாய் தானாகவே கொஞ்சம் தள்ளிவிடும்.

"பதினொண்ணு," என்றார் அக்கா. "பதினொண்ணும்மா. மன்னிச்சுடுங்க."

செய்தி அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டியா?"

"ஆமாங்க. பதினோரு வருஷம்," என்றார் அண்ணன்.

"வீட்டுல ஒருத்தருக்கொருத்தர் நேரம் சொல்லிக்கணும்னா என்ன பண்ணுவீங்க?"

அக்கா கொஞ்சம் தயங்கினார். "இவருக்கு அரைமணி தள்ளித்தாம்மா சொல்லுவேன். எப்பவும் லேட்டு."

"அது எனக்குத் தெரியும்," என்றார் அண்ணன். "அதனாலதான் எப்பவும் அவ சொன்னதுக்கு அரைமணி கழிச்சே வருவேன்."

அவர் அதை ஒரு சாமர்த்தியம் போலத்தான் சொன்னார். மகள் துண்டால் வாயை மூடிக்கொண்டார். செய்தி அம்மா சிரிக்கவில்லை.

"அப்போ கடைசியில மிச்சம் என்ன?" என்று கேட்டார்.

பிறகு அவர் காலை வாளியிலிருந்து எடுத்துத் துண்டின்மேல் வைத்தார்.

"நான் வர்றேன். வர்றேன்னு சொன்னது சொன்னதுதான். பதினொரு மணிக்கு ரிப்பன் வெட்டுவேன். பதினொண்ணு ஒண்ணுக்கு என்னைத் தேடாதீங்க. இன்னைக்கு நான் காத்திருந்தது போதும்."

"இனிமே யார்கிட்டயும் உள்ள நேரத்தத்தாம்மா சொல்லுவேன்," என்றார் அக்கா.

"எங்கிட்ட சத்தியம் பண்ண வேணாம்மா. நான் வெறும் விருந்தாளி," என்றார் அவர்.

அவரையும் ஏற்றிக்கொண்டு வேன் கடைக்குத் திரும்பியபோது 10.48. வாசலில் எழுபது எண்பது பேர் இருந்தார்கள். கடை ஆட்கள் புதுச் சட்டையில் வரிசையாக நின்றார்கள். காவல்காரர் ஓடிவந்து வேன் கதவைத் திறந்து, செய்தி அம்மாவைப் பார்த்து, "அய்யோ, நீங்களா?" என்று தலையில் கை வைத்தார். அக்கா பெட்டியைத் திறந்து ரிப்பனைக் கட்டினார். இரண்டு முடிச்சு, நடுவில் ஒரு பூ. எல்லாம் சரியாகிவிட்டது என்று எனக்கும் ஒரு நிமிடம் தோன்றியது.

"முதலாளி எங்கே?" என்று மேனேஜரிடம் கேட்டார் அக்கா.

"இன்னும் வரலைங்க. பன்னெண்டுக்கு முன்னாடி வருவார்."

அக்கா மெதுவாகத் திரும்பி அண்ணனைப் பார்த்தார். இந்த முறை எதுவும் கேட்கவில்லை. அண்ணனே சொன்னார்.

"பின்தள்ளு. நேத்து சாயந்திரம் சொன்னேன். அந்தம்மா பன்னெண்டுக்குத்தான் வருவாங்க, நீங்க மெதுவா வாங்கன்னு."

"பதினொண்ணுன்னு அவருக்குத்தான் தெரியுமே. அவரே வெச்ச நேரம்."

"தெரியும். என் பேச்ச நம்பிட்டார்."

அண்ணன் முதலாளிக்குப் போன் செய்தார். எடுத்தது முதலாளியின் மனைவி. முதலாளி குளிக்கிறாராம். 10.56.

"ரெண்டு வார்த்த அந்தம்மாகிட்ட கேட்டுப் பாரு," என்றார் அண்ணன். குரலைத் தாழ்த்தினாலும் பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. "உள்ள நல்ல சோபால உக்கார வெச்சு ஒரு ஜூஸ் குடுப்போம். நீ கேட்டா இருப்பாங்க. ஏழு கிளை, யோசிச்சுப் பாரு."

"எவ்வளவு நேரம் இருக்கணும்னு சொல்லட்டும்? நீங்களே சொல்லுங்க, அப்படியே போய்ச் சொல்றேன்."

"பத்து நிமிஷம்."

"நெஜமாவா?"

அண்ணன் வாயைத் திறந்தார். அவருக்கே எவ்வளவு என்று தெரியவில்லை போலும். மூடிக்கொண்டார்.

அக்கா பெட்டியிலிருந்து முதல் கத்தரிக்கோலை எடுத்துத் துடைத்தார். தட்டில் வைத்து செய்தி அம்மாவிடம் நீட்டினார். செய்தி அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். முள் பன்னிரண்டில் ஏறியதும் நிமிர்ந்து, கூட்டத்தைப் பார்த்து, அந்தப் பழைய குரலில், "நேரம் பதினொரு மணி," என்றார். ஒரே வெட்டு. ரிப்பன் இரண்டாகி விழுந்தது. கூட்டம் சிரித்துக் கைதட்டியது. ஒரு பெரியவர் தன் கடிகாரத்தைத் திருகிச் சரிசெய்துகொண்டார். நான் அத்தனை விழாக்களைப் பற்றி அந்த வீட்டில் கேட்டிருக்கிறேன். சொன்ன நேரத்துக்கு நடந்த விழா என்று ஒன்றைக் கேட்டதில்லை.

முதலாளி வந்தது 11.50க்கு. காரிலிருந்து அவர், அவர் மனைவி, அவருடைய அப்பா என்று இறங்கினார்கள். அப்பாவின் கையில் செய்தி அம்மாவிடம் கொடுக்க ஒரு பூங்கொத்து இருந்தது. செய்தி அம்மா போய் முக்கால் மணிக்கு மேல் ஆகியிருந்தது. கடைக்குள் ஊர்ச்சனம் சோபாக்களில் சாய்ந்து உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டிருந்தது. முதலாளி தரையில் கிடந்த ரிப்பனைப் பார்த்தார்.

"என் கடைய நான் இல்லாம திறந்திருக்கீங்க," என்றார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அண்ணன் சமாளித்திருப்பார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் கத்துகிறவர்களைச் சமாளிக்கத்தான்.

"நீங்க வந்துட்டே இருக்கீங்கன்னு..." என்று ஆரம்பித்தார் அண்ணன்.

"நீங்கதானய்யா பன்னெண்டுன்னு சொன்னீங்க?"

"தப்பு எங்களுதுதாங்க," என்றார் அக்கா.

முதலாளியின் அப்பா பூங்கொத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசியில் காவல்காரரிடம் கொடுத்தார். மேனேஜர் போட்டோவாவது எடுப்போம் என்றார். அக்கா மிச்சமிருந்த ரிப்பனைக் கட்டினார். முதலாளி இரண்டாவது கத்தரிக்கோலால், பக்கத்தில் யாரும் இல்லாமல், ஏற்கெனவே திறந்த கடையை இன்னொரு முறை திறந்தார். உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. ஏழு கிளைகளைப் பற்றி அவரும் பேசவில்லை, அக்காவும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் காலையில் அவித்த முட்டைகள் பாத்திரத்தில் அப்படியே கிடந்தன. அண்ணன் ஒன்றை எடுத்து மேசையில் தட்டினார்.

"நீ ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்," என்றார்.

"கேட்டிருக்கலாம்."

"அம்பது நிமிஷந்தானே. அந்த வயசுல அவங்களுக்கு வேற என்ன வேலை?"

அக்கா சமையலறைக்குப் போய் வெகுநேரம் பாத்திரம் கழுவினார். அன்று சாயங்காலம் அந்த நிறுவனத்துக்குப் பதில் எழுதினார். மறுநாள் எங்கள் கடைக்கு வந்து, அதை ஸ்கேன் எடுத்து மெயிலில் அனுப்பச் சொன்னார். வருகிறேன் என்று இரண்டே வரி.

அடுத்த இரண்டு வாரம் அந்த வீட்டில் சண்டை நடக்கவில்லை. அண்ணன் எல்லாவற்றுக்கும் 'சரி, சரி' என்றார். அக்கா போகமாட்டார் என்று நினைத்தாரா, போனால் நாலு நாளில் திரும்பிவிடுவார் என்று நினைத்தாரா, தெரியாது. டீக்கடையில் யாரோ கேட்டதற்கு, "போவா, வருவா," என்றாராம்; டீக்கடைக்காரர் சொன்னார்.

பேருந்து டிக்கெட்டை எங்கள் கடையில் நான்தான் அச்செடுத்தேன். மாலை 5.30.

அக்கா புறப்படும் நாளில் மதியச் சோறு போடும்போது அண்ணனிடம் சொன்னார், "பஸ் அஞ்சரைக்கு. அஞ்சு மணிக்கு இங்கேர்ந்து கெளம்பணும்."

"சரி, சரி," என்றார் அண்ணன். "வண்டியக் கழுவிட்டு வந்துடறேன். புழுதியா இருக்கு, உன் பெட்டியெல்லாம் அழுக்காயிடும்."

நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். அஞ்சரை என்றால் அஞ்சரையேதான் அண்ணே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது அவர்கள் இருவருக்குள் இருக்கும் விஷயம், நான் மாடியில் வாடகைக்கு இருக்கிறவள் என்று தோன்றியது. வெள்ளிக்கிழமை ரிப்பன் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றபோதும் இதே மாதிரிதான் எனக்கு ஏதோ ஒன்று தோன்றியிருந்தது.

4.50க்குப் பெட்டிகள் வாசலுக்கு வந்துவிட்டன. அக்கா ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, முன்னறைக் கடிகாரத்தைக் கழற்றினார். என் போனைக் கேட்டு வாங்கிப் பார்த்து, இருபது நிமிடத்தைத் திருப்பி வைத்து, தூசியைத் துடைத்து மறுபடி மாட்டினார். 5.00க்கு அண்ணனுக்குப் போன் செய்தார்.

"வந்துட்டே இருக்கேன்," என்று அவர் சொன்னது எனக்குக்கூடக் கேட்டது.

அக்கா வாசலுக்கும் தெருவுக்கும் நாலு தடவை நடந்தார். 5.12க்கு ஒரு டாக்ஸியைக் கைகாட்டி நிறுத்தினார். பெட்டிகளை நானும் டிரைவரும் ஏற்றினோம். "சாப்பாடு அடுப்பு மேல மூடி வெச்சிருக்கு," என்றார். "அவர்கிட்ட..." என்று தொடங்கிவிட்டு, "ஒண்ணும் சொல்ல வேணாம்," என்றார்.

வேன் வந்தபோது 5.35. அப்படி ஒரு பளபளப்பில் அந்த வேனை நான் பார்த்ததே இல்லை. டயர் கூடக் கறுத்து மின்னியது. அண்ணன் தலைவாரி, சட்டை மாற்றியிருந்தார். ஒரு கையில் டீ நிரப்பிய ஃபிளாஸ்க். மறுகையில் காகிதப் பொட்டலம், வழியில் சாப்பிட இரண்டு அவித்த முட்டை. சூடு தாங்காமல் பொட்டலத்தை விரல் மாற்றி விரல் மாற்றிப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்து, முன்னறைக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அஞ்சு முப்பத்தஞ்சு. அப்போ நெஜத்துல அஞ்சே கால். நேரம் இருக்கு," என்றார். "எங்க அவ, இன்னும் தலை வாரி முடியலையா?"

"அண்ணே, அக்கா போயிட்டாங்க."

"எங்க, பக்கத்து வீட்டுக்கா?"

"பஸ்ஸுக்கு. கடிகாரத்த அக்கா சரி பண்ணி வெச்சுட்டாங்க. இப்ப மணி அஞ்சு முப்பத்தஞ்சுதான். பஸ் அஞ்சரைக்கு அண்ணே."

அவர் சிரித்தார். "அவ அஞ்சரைன்னா ஆறு மணின்னு அர்த்தம் தங்கச்சி. எனக்குத் தெரியாதா? ஸ்டாண்டுலதான் இருப்பா. வா, போயிடலாம்."

"டிக்கெட்ட நான்தான் அண்ணே அச்செடுத்தேன். அஞ்சரைதான் போட்டிருந்துச்சு."

அண்ணன் என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், வாசலில் பெட்டிகள் இருந்த இடத்தைப் பார்த்தார். முட்டைப் பொட்டலத்தைக் கை மாற்ற மறந்துவிட்டார்.

"உள்ள நேரத்தையே சொன்னாளா?"

"ஆமாண்ணே."

"எங்கிட்டயா?" என்றார்.